கெட்டிமேளத்துக்கு ஒரு கைக்குட்டை

நஞ்சுண்டன் விரலை ஆட்டுவது அன்று காலையில் அது ஐந்தாவது முறை. வசந்தாமணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு உள்ளங்காலிலிருந்து சுர்ரென்று ஏறியது.

ஆட்காட்டி விரலை எதிராளியின் மூக்குக்கு நேராக நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டுவார், அவ்வளவுதான். வாயைத் திறந்து, 'நிறுத்துங்கள்' என்று சொன்னால் குறைந்தா போய்விடுவார்? விரலுக்கு எதிரே பாவமாக நின்றவர் ஜெமால். மாப்பிள்ளை எம்ரேயின் தாய்மாமன், சான் ஹோசேயில் டயர் கடை வைத்திருக்கிறவர். அவர் கையில் இருந்தது ஜுர்னா. நம் நாதஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். துருக்கிக்காரர்களுக்கு அது இல்லாமல் கல்யாணம் கிடையாது. அதே இரட்டை நாக்குச் சீவாளிதான். நீளத்தில் பாதிகூடத் தேறாது, சத்தத்தில் அண்ணனுக்கு ஒரு மாற்றுக்கூடக் குறையாது. மைதானத்தில் ஊதவேண்டியதை சான் ரமோனில் ஒரு ஹாலுக்குள் வைத்து ஊதினால் கொஞ்சம் காது அடைக்கத்தான் செய்யும். அதற்காக நாய்க்குட்டியை மிரட்டுகிற மாதிரியா மிரட்டுவது?

"ஏனுங்க மாமா, சம்பந்தி வீட்டு ஆளுங்க அவரு. கொஞ்சம் மெதுவாச் சொல்லலாமில்லீங்க?" என்றாள்.

"நீ சும்மா இரு வசந்தா. எல்லாம் உன் பொண்ணு குடுத்த எடம்" என்றார் நஞ்சுண்டன்.

நஞ்சுண்டன் அவளுடைய கணவர் திருமூர்த்தியின் அண்ணன். திருமூர்த்தி போய் ஆறு வருஷம் ஆகிறது. போன அன்றிலிருந்து இந்த வீட்டுக்குத் தலைவர் நான்தான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். ஃப்ரீமான்ட்டில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் நர்ஸாக ஓடி ஓடி மகளைப் படிக்க வைத்தவள் வசந்தாமணி. கல்யாணப் பத்திரிகையில் முதல் பெயராக விழுந்தது நஞ்சுண்டன்.

ஊரிலிருந்து வருவதாக இருந்த நாதஸ்வரக் கோஷ்டிக்கு விசா ரிஜெக்ட் ஆனதும், ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். மகள் தென்றல்தான் மறித்தாள். "நோ பெரியப்பா. எம்ரேயோட அங்கிள் ப்ளே பண்ணுவார். ரியல் ஆளு ஊதணும்."

ஆறு சனிக்கிழமைகள் ஜெமால் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வசந்தாமணியின் கராஜுக்கு வந்தார். அவள் போனில் நாதஸ்வரத்தைப் போட்டுக் காட்டினாள், புரியாத இடத்தில் முணுமுணுத்தும் காட்டினாள். அவர் மனிதர், ஒரு சங்கதியை இருபது முறை திருப்பி ஊதினார். தாலி ஏறுகிற நிமிஷத்தில் தும்மலோ, அழுகையோ, யாரோ பேசுகிற வேண்டாத பேச்சோ காதில் விழக்கூடாது, அதற்குத்தான் இவ்வளவு சத்தம் என்று அவள் விளக்கியபோது ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். எப்போது ஆரம்பிப்பது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டார்.

அதற்கும் அவரே வழி சொன்னார். அவர்கள் கல்யாணத்தில் கைகோத்து வரிசையாக ஆடும்போது முதல் ஆளின் கையில் ஒரு கைக்குட்டை இருக்கும். ஜுர்னாக்காரனின் கண் அதை விட்டு நகராது. சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்புக் கைக்குட்டையை எடுத்து வசந்தாமணியிடம் கொடுத்தார். நீங்கள் முதல் வரிசையில் இருங்கள், தூக்கினால் ஊதுகிறேன், இறக்கினால் நிறுத்துகிறேன் என்றார். எம்ரேயிடமும் அவள் சொல்லி வைத்தாள்: மாமாவின் சத்தம் எழும்பின பிறகுதான் முடிச்சுப் போடவேண்டும், அதற்கு முன்னால் யார் சொன்னாலும் போடாதே.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, நஞ்சுண்டனின் மனைவி மரகதம் வந்து தோளைத் தொடும் வரைக்கும்.

"தாலி கட்டற நேரம் வந்துருச்சு. நீ கொஞ்சம் பின்னாடி போய் உக்காந்துக்கோ வசந்தா. உனக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன! ஆறு வருஷமாகத் தெரியும். வளைகாப்பா, பின்னாடி. கிரகப்பிரவேசமா, பின்னாடி. ஆனால் இது அவள் வயிற்றில் பிறந்த பெண்ணின் கல்யாணம். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். இப்போது வாயைத் திறந்தால் மணவறையில் இருக்கிற தென்றலின் முகம் வாடிப்போகும் என்ற ஒரே காரணம்தான். கடைசி வரிசைக்கும் பின்னால், காபி ஃப்ளாஸ்க் வைத்த மேஜையோரம் போய் நின்றாள். கைக்குட்டை அவள் கைக்குள்ளேயே இருந்தது. முன்னால் கேமராக்காரர்களின் முதுகு. அவள் காலி செய்த நாற்காலியில் மரகதம் பட்டுப்புடவையை விசிறிக்கொண்டு உட்கார்ந்தாள்.

குருக்கள் தாலியை எடுத்து எம்ரேயின் கையில் கொடுத்தார். நஞ்சுண்டன் மேடையில் எழுந்து நின்று, விரலைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

மெதுவாக ஊதிக்கொண்டிருந்த ஜெமால் முதல் வரிசையைப் பார்த்தார். கைக்குட்டையைக் காணோம். மேடையைப் பார்த்தார். காலையிலிருந்து ஐந்து முறை தன்னை அடக்கிய அதே விரல், இப்போது முன்னைவிட வேகமாக ஆடியது.

ஊதுவதை நிறுத்திவிட்டார். பக்கத்தில் பெரிய மேளத்தை அடித்துக்கொண்டிருந்தவரும் கோலைத் தாழ்த்தினார்.

ஹால் முழுக்க ஏசி ஓடுகிற சத்தம். யாரோ பலமாகத் தும்மினார்கள்.

"கட்டுங்க மாப்ளே! டை இட், டை இட்!" என்று நஞ்சுண்டன் பதறினார். எம்ரே தென்றலின் கழுத்தருகே தாலியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான். மாமாவின் சத்தம் வரவில்லையே. நஞ்சுண்டனின் கோபம் ஜெமால் மேல் திரும்பியது. "அறிவிருக்காய்யா உனக்கு? ஸ்பீக்கரே போதும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். டயர் மாத்தறவனைக் கொண்டாந்து மேளக்காரன்னு உக்கார வெச்சா இப்படித்தான் ஆகும். வெளிய அனுப்புங்க அந்த ஆளை!"

ஜெமாலுக்குத் தமிழ் தெரியாது. அந்த முகத்தைப் படிக்கத் தமிழ் வேண்டியதில்லை. காது சிவந்துபோய், ஜுர்னாவிலிருந்து சீவாளியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். எம்ரேயின் அம்மா தன் அண்ணனைப் பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் பின்னால் ஒரு வரிசையே எழுந்தது. முகூர்த்தம் முடியப் பன்னிரண்டு நிமிஷம் பாக்கி.

வசந்தாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. விரலை ஆட்டினால் கெட்டிமேளம் என்பதை அவள் ஜெமாலுக்குச் சொல்லவேயில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற ஒன்றைச் சொல்லித்தர வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? தன்மேலேயே ஆத்திரம் வந்தது. தன்னைப் பின்னால் தள்ளியவர்கள் மேல் அதைப்போலப் பத்து மடங்கு வந்தது. கேமராக்காரரை இடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

மரகதம் மணிக்கட்டைப் பிடித்தாள். "மேடைக்குப் போகாத வசந்தா. அபசகுனம்!"

"கைய விடுங்கக்கா. தும்முனது நானில்லீங்க."

விடுவித்துக்கொண்டு நேராக ஜெமாலிடம் போனாள். தப்பு என்னுடையது, இப்போது அவர் விரலை ஆட்டினது ஊதச் சொல்லித்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் புருவத்தைத் தூக்கினார். அப்படியானால் காலையில் ஆட்டினது?

"அது நிறுத்தச் சொல்லி."

ஜெமால் நஞ்சுண்டனை ஒரு முறை பார்த்தார். அந்த விரல் எனக்கு வேண்டாம், உங்கள் கைக்குட்டை எங்கே என்றார். பெட்டியைத் திறந்து சீவாளியைத் திரும்ப எடுத்தார்.

வசந்தாமணி மேடை ஏறி மகளின் பக்கத்தில் நின்றாள்.

"எறங்கு வசந்தா" என்று நஞ்சுண்டன் பல்லுக்கிடையில் சொன்னார். "இந்த நேரத்துல நீ இங்க நிக்கக் கூடாது."

தென்றல் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "அம்மா நிப்பாங்க பெரியப்பா. எம்ரே, வெயிட் ஃபார் அம்மா."

சிவப்புக் கைக்குட்டை மேலே போனது.

ஜுர்னா வீறிட்டது. மேளம் நெஞ்சுக்கூட்டை உலுக்கியது. எழுந்து நின்ற சம்பந்தி வரிசை அப்படியே கைதட்ட ஆரம்பித்தது. எம்ரே முதல் முடிச்சைப் போட்டான். அட்சதை பறந்தது. வசந்தாமணி தூக்கிய கையைத் தூக்கியபடியே, நஞ்சுண்டனின் காதோரம் வாயைக் கொண்டுபோனாள். கோயமுத்தூர்க்காரி, திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவாள்.

"என்ர புருஷன் செத்ததுல நஷ்டம் எனக்குத்தானுங்க. உங்களுக்கு எப்படீங்க அதுல ப்ரமோஷன் வந்துச்சு?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் விட்டால்தானே.

"அவரு ஐசியூல கெடந்த பதினோரு நாள்ல ஒரு நாள் எட்டிப் பாத்தீங்களா? மீட்டிங்னீங்க. செத்த அன்னைக்கு மட்டும் முதல் ஆளா வந்து எனக்குப் பின்னாடி எடம் காட்டுனீங்க. வெக்கமா இல்லீங்களா மாமா?"

கீழே இருந்தவர்கள் யாருக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாக்காரி மகளை ஆசீர்வதிக்கிறாள் என்று நினைத்து நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்று முடிச்சும் விழுந்தது. அட்சதையும் தீர்ந்தது. நஞ்சுண்டன் ஜெமாலைப் பார்த்து, போதும் போதும் என்று விரலை ஆட்டினார். ஜெமால் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருக்க, மூக்கால் காற்றை இழுத்து இழுத்து, நடுவில் ஒரு இழைகூட அறாமல் ஊதினார்.

வசந்தாமணி கைக்குட்டையை இறக்கவில்லை. ஆறு வருஷத்தில் அவள் இன்னும் முதல் வருஷத்தையே சொல்லி முடிக்கவில்லை.