முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரே குடும்பத்தின் படக்காட்சி

1

இந்தக் கதை எனக்கு ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கஹவத்தை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஜெஸீமா என்பவர் நடத்தும் கடை. அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கப் போயிருந்தேன். மேசையில் பாய் போலச் சுருட்டிய தாள் ஒன்று கிடந்தது. பதினாறு தாள்களை ஒன்றாக ஒட்டியிருந்தார்கள்.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"குடும்ப விபரம்" என்றார் ஜெஸீமா.

"எத்தனை பேர்?"

"முந்நூத்திப் பன்னெண்டு. நானும் உள்ளுக்கு ஈக்கிறேன்."

அடையாள அட்டையை அங்கேயே மறந்து வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

ரப்பர் மரங்களின் இடுக்கில் மாலை வெயில் பொன்னாய் வழிந்துகொண்டிருந்த ஒரு

வேண்டாம். ரப்பர் மரத்தில் வழிவது பால். அடுத்த முயற்சி:

கோகிலா துணிச்சலான பெண்.

இது பொய். அந்தத் தாளை எழுதிய கோகிலா பயந்த சுபாவம். அவள் பயந்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

2

கோகிலாவுக்கு வயது முப்பத்தொன்று. கஹவத்தைக்கு மேலே உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தின் கீழ்க்கணக்கு என்ற பிரிவில் பிள்ளைக்காம்பராவைப்* பார்த்துக்கொள்கிறாள். எல்லோருக்கும் அவள் டீச்சர். போன வருடம் சித்திரை விடுமுறையில், தோட்டத்துப் பந்து விளையாடும் கிரவுண்டில் திரை கட்டிக் குடும்பப் படம் போட்டவளும் அவள்தான். படம் யாரோ கொடுத்த பென் டிரைவில் இருந்தது. இருபது நிமிடம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு துள்ளல். திரையில் வேறு படம் வந்தது.

எந்த மாதிரிப் படம் என்று நான் எழுதப்போவதில்லை. அங்கிருந்த தாய்மார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள் என்று மட்டும் எழுதுகிறேன். சொந்தப் பிள்ளை எட்டாதவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பொத்தினார்கள். பெரியவர்களின் கண்ணை யாரும் பொத்தவில்லை.

அன்றிலிருந்து அவள் 'படம் போட்ட டீச்சர்'. ஒரு வாரம் பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு குழந்தையும் வரவில்லை. கடையில் பருப்பு வாங்கப் போனால்கூட யாராவது இருமினார்கள். அந்த இருமலை ஒழிக்க ஒரே வழி, இன்னொரு படம் போடுவது. நல்ல படம். சுத்தமான படம். அவள் தோட்டத்தின் உதவி அதிகாரியான சின்னத்தொரையிடம் போய் நின்றாள். அவருக்கு இருபத்தெட்டு வயது, குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, தமிழ் படித்துக்கொண்டிருந்தார்.

"கிரவுண்ட் தாறது டீச்சர்" என்றார். "ஆனா லைசென்ஸ் வேணும். படத்துக்குச் சொந்தக்காரன் கையெழுத்து. இல்லாட்டி கிரவுண்ட் இல்ல, ஹரித? சரியா?"

*பால் வெட்டப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம். அரசாங்கத் தாள்களில் இதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொன்னால் குழந்தைகள் அழும்.

3

(இந்தப் பகுதியை நான்கு பக்கம் எழுதினேன். மூன்றரைப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான்.)

படம் தெரிவுசெய்ய ஒரு கமிட்டி கூடியது. பதினொரு படங்களைக் கோகிலா எழுதிக்கொண்டு போனாள். முதல் படத்தில் சித்தி கொடுமைக்காரி. கமிட்டியில் இரண்டு சித்திகள் இருந்தார்கள். இரண்டாவதில் குடிக்கிறார்கள். மூன்றாவதில் யாரும் குடிக்கவில்லை, அதனால் ஆண்கள் நம்பவில்லை. நான்காவதில் யானை சாகிறது. ஐந்தாவதில் தோட்டத்துத் தொரைதான் வில்லன். எல்லோருக்கும் பிடித்திருந்தது, ஆனால் கிரவுண்ட் தருபவரும் ஒரு தொரைதான். கங்காணி வேலுசாமி ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "இத நான் என் மருமக பக்கத்துல ஒக்காந்து பாக்கலாமா?"

கடைசியில் ஒரு கன்றுக்குட்டிப் படம் மிஞ்சியது. தாயைத் தேடி ஒரு கன்று ஏழு ஊர் நடக்கிறது. யாரும் சாகவில்லை, யாரும் காதலிக்கவில்லை.

"நடுவுல ஒரு எடத்துல சாணி போடுது" என்றாள் கோகிலா, ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்பதற்காக.

கமிட்டி நீண்ட நேரம் யோசித்தது.

"போடட்டும்" என்றார் வேலுசாமி.

4

உரிமம் தரும் நிறுவனம் கொழும்பில் இருந்தது. ஜெஸீமாவின் கடையிலிருந்து கோகிலா தொலைபேசினாள். புரொஜெக்டர், திரை, ஸ்பீக்கர் மூன்றும் ஜெஸீமாவுடையவை. தவிர, சிங்களத்தில் கோபப்பட வேண்டிய கட்டம் வந்தால் பேச ஜெஸீமா பக்கத்தில் நின்றார்.

"பொதுக்காட்சியா, குடும்பக்காட்சியா?" என்றது மறுமுனை. நிதானமான ஆண்குரல்.

"பொதுக்காட்சி, சேர். கிரவுண்ட்ல."

"கிரவுண்டுக்கு எத்தனை கதவு?"

"கதவில்லைங்க."

"தீப்பிடிச்சா எந்த வழியா வெளியே போவாங்க?"

"எல்லாப் பக்கமும் வெளிதாங்க, சேர்."

"அந்தப் பதிலை எழுத ஃபோர்ம்ல எடமில்லை, மிஸ். பொதுக்காட்சின்னா நாலு செவர், ரெண்டு கதவு வேணும். குடும்பக்காட்சின்னா வெளியில வச்சுக்கலாம். வீட்டு முற்றம் கணக்கில வரும். ஆனா ஒரே குடும்பமா இருக்கணும். எத்தனை பேர் பார்ப்பீங்க?"

இந்த இடத்தில்தான் என் கதாபாத்திரத்தை நான் சந்தேகித்தேன். பயந்த சுபாவமுள்ள ஒருத்தி இப்படி ஒரு பதிலைச் சொல்லியிருப்பாளா? ஜெஸீமாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். சொன்னாள் என்கிறார். பயத்தில் வாய் தானாகத் திறந்ததாம்.

"முந்நூத்திப் பன்னெண்டு பேருங்க. பெரிய குடும்பம்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

"குடும்பத்துக்கு மேல் எல்லை போடலை" என்றது குரல், தனக்குத்தானே ஆச்சரியப்பட்டு. "ஹரி, சரி. உறவுமுறையோட விபரம் எழுதி, ஒவ்வொருத்தரும் ஒப்பம் வச்சு அனுப்புங்க."

5

(இதில் கோகிலாவின் கணவனைக் கொண்டுவந்து ஓர் உருக்கமான காட்சி வைத்திருந்தேன். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று பிறகு தெரிந்தது. எடுத்துவிட்டேன்.)

6

முதல் இருநூறு பேர் சுலபமாக வந்துவிட்டார்கள். கீழ்க்கணக்கில் யாரை யாரோடு கோடு போட்டாலும் ஏதோ ஓர் உறவு வந்தது. மாமன் மகன், ஒன்றுவிட்ட அத்தை, சம்பந்தியின் கொழுந்தன். சில கோடுகளைப் போட்ட பிறகுதான், தாங்கள் கட்டியிருக்கக் கூடாது என்று இரண்டு தம்பதிகளுக்குத் தெரிந்தது. கோகிலா ரப்பரால் அழித்து, வேறு வழியாகக் கோட்டைக் கொண்டுபோனாள்.

ஜெஸீமா தன் பெயரைத் தானே சொன்னார். அவர் பிறந்தபோது அவருடைய தாய்க்கு நெருப்புக் காய்ச்சல். லயத்து வரிசை வீட்டிலிருந்த ஒரு பெண் நாற்பது நாள் பால் கொடுத்திருக்கிறாள். "எங்கட மார்க்கத்தில பால் உறவும் உறவுதான் டீச்சர். நல்லாக் கோடு போடுங்க, புள்ளிக்கோடு வேணாம்."

சின்னத்தொரை ஒரு நாள் பிள்ளைக்காம்பராவின் வாசலில் வந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

"டீச்சர், நானும் படம் பாக்கிறது. எனக்கு ஒரு எடம்?"

மாப்பிள்ளையாகப் போடலாம் என்று ஒருவர் சொல்லப்போக, கல்யாண வயதுப் பெண்கள் இருந்த நாலு வீட்டில் சண்டை வந்துவிட்டது. கடைசியில் கங்காணி வேலுசாமியின் தத்துப்பிள்ளையாக அவரை எழுதினார்கள். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எடுக்கும் நேரத்தில், தோட்டமே பார்த்திருக்க, வேலுசாமி தொரையைப் பார்த்து, "சாப்டியாப்பா?" என்று கேட்டுவிட்டார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். தொரை, "இன்னும் இல்லை" என்றார்.

7

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதினேன். இனி கொஞ்சம் கவனமாக எழுத வேண்டும்.

ஜெஸீமாவுக்குப் பால் கொடுத்தவளுக்கு இரண்டு மகள்கள்: மருதாயி, வெள்ளையம்மா. இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரே லயத்தில் நாலு வாசல் தள்ளி இருப்பவர்கள் ஒன்பது வருடமாகப் பேசுவதில்லை. புது வீட்டுத் திட்டம் வந்தபோது பதிவு எடுக்க ஆள் வந்தான். லயத்தில் ஒரு காம்பராவுக்கு, அதாவது ஒரு அறைக்கு, ஒரு வீடுதான், கூட உரிமையுள்ள உரித்தாளி யாரும் உண்டா என்று கேட்டான். அப்போது இருவரும் ஒரே காம்பராவில் இருந்தார்கள். வெள்ளையம்மா மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். மருதாயி, "நான் ஒருத்திதான். கூடப் பொறந்தவ யாரும் இல்ல" என்று சொல்லிப் பெருவிரலைப் பதித்தாள். வீடு இன்றுவரை வரவில்லை. அந்தச் சொல் மட்டும் நின்றுவிட்டது.

கோகிலா தாளோடு போனபோது வெள்ளையம்மா விறகு வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"அன்னைக்குப் பேப்பர்ல என்னைய இல்லேன்னா. இன்னைக்குக் கன்னுக்குட்டி பாக்கணும்னதும் நான் இருக்கேனாமா?"

"அக்கா, ஒங்க அம்மா பேருக்கு நீங்க ரெண்டு பேரும் ஒப்பம் வைக்காட்டி ஜெஸீமாக்காவுக்கும் கோடு இல்ல. அவங்க படம் போடுற மிசினும் வராது."

"அப்ப இல்லேன்னவளையே எம் பேர எழுதச் சொல்லு. நீ எழுதக் கூடாது. அவ கையால எழுதணும்."

மருதாயிக்கு எழுதத் தெரியாது. மூன்று மாலை பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, நாலு வயதுப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்து, ஒரே ஒரு பெயரை எழுதிப் பழகினாள். 'ள்' அவளுக்குப் பிடிபடவேயில்லை. "இவ பேர்லயும் எத்தன வளைவு, பாரேன்" என்று திட்டினாள். நான்காம் நாள் பெரிய தாளில் எழுதினாள்: வெல்லயம்மா.

கோகிலா அதைத் திருத்தவில்லை. வெள்ளையம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். வெள்ளையம்மா மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எழுத்தெழுத்தாக விரலை வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டு எழுத்து தப்பு" என்றாள். பிறகு விறகுக் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒப்பம் வைத்தாள். 

8

உரிமம் வந்தது. ஒரு பக்கம். அதில் ஒரு நிபந்தனை: விபரத்திலுள்ள குடும்ப அங்கத்தவர் அனைவரும் சமூகமளித்த பின்னரே காட்சி ஆரம்பிக்கப்பட வேண்டும்.

வேறு தொரையாக இருந்தால் இதைச் சிரித்துத் தள்ளியிருப்பார். வேலுசாமியின் பிள்ளையோ சனிக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு, அந்தப் பதினாறு தாளையும் இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி, மைக்கில் பெயர் கூப்பிட்டார். காய்ச்சலில் கிடந்தவர்களைக் நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். பதுளையில் வேலை பார்த்த ஒருவன் இரண்டு பஸ் மாறி வந்து, பையை முதுகில் மாட்டியபடியே "பிரசன்ட்" என்றான்.

முந்நூற்றுப் பதினொன்று.

"வெள்ளையம்மா" என்றார் தொரை, மூன்றாவது தடவையாக.

லயத்துப் பக்கமிருந்து ஒரு பெண் வந்து சொன்னாள்: "வரமாட்டாங்களாம். 'எழுதத்தானே செஞ்சா, வாயால கூப்டலயே'ங்கிறாங்க."

யாரும் மருதாயியைப் பார்க்கவில்லை. முந்நூறு பேர் ஒருவரைப் பார்க்காமலிருப்பது எவ்வளவு பாரமாக இருக்கும் என்று எழுதப் பார்த்தேன்,

அது ஒரு

முடியவில்லை.  கோகிலாவுக்கு அந்தக் கடை இருமல் சத்தம் இப்போதே காதில் கேட்டது.  மருதாயி எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, கிரவுண்டைக் கடந்து லயத்துக்குப் போகும் படிகளில் ஏறினாள்.

9

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சகோதரிகள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்; அது கமிட்டி ஒதுக்கிய படம் மாதிரி இருந்தது. ஒன்றில் மழை வருகிறது. மழையைக் கூப்பிடுவது எழுத்தாளர்களின் சோம்பேறித்தனம். ஒன்றில் நானே கிரவுண்டுக்குப் போய், முந்நூற்றுப் பன்னிரண்டாவது ஆளாக உட்கார்ந்துவிடுகிறேன். அதற்கு எனக்குக் கோடு இல்லை.

என்ன நடந்தது என்று ஜெஸீமா எனக்குச் சொன்னார். நான் சொல்லப்போவதில்லை. இவ்வளவு மட்டும் தருகிறேன்.

கால் மணி நேரம் போனது. பிறகு மேலேயிருந்து ஒரு குரல். அதற்கு மேல் இன்னொரு குரல். "வீடு வந்துச்சா ஒனக்கு? வந்துச்சா?" என்று ஒன்று. "ஒனக்கும் சேத்துத்தாண்டி கேட்டேன், அந்தப் பாவி ஒருத்தி பேரத்தான் எழுதுவேன்னான்!" என்று மற்றது. பாத்திரமொன்று உருண்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒன்பது வருடத்துச் சண்டை, ஒரு வரி விடாமல்.

 வெள்ளைத் திரைக்கு முதுகைக் காட்டி எல்லோரும் படிகளின் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். புரொஜெக்டரைப் போடட்டுமா என்று ஜெஸீமா கையால் கேட்டார். கோகிலா வேண்டாமென்று தலையாட்டினாள். வேலுசாமி தன் மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தொரையும் வெள்ளையம்மாவின் பெயருக்கு நேரே பென்சிலைப் பிடித்தபடி நின்றார்.

இனி உங்கள் பாடு. நீங்களும் அந்தப் புல்லில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டுச் சொல்லுங்கள். அந்தச் சத்தம் நின்ற இடத்திலேயே நிற்கிறதா, இல்லை, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி வருகிறதா?