மச்சான் பார்த்த நாடி

ஊரார் துணிக்கெல்லாம் ஒட்டுப் போட்ட தையல்காரருக்கு இடது காலில் ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. அடைத்துப்போன ரத்தக்குழாயைச் சுற்றி மாற்றுப்பாதையாக, அவர் தொடையிலிருந்தே எடுத்த குழாயை வைத்துத் தைத்தார்கள். இதுவும் சுருங்கலாம், சுருங்குவது வலித்துத் தெரியாது, முழுதும் அடைத்துவிட்டால் காலைக் காப்பாற்றுவது கஷ்டம், அதனால் மூன்று மாதத்துக்கொருமுறை ஸ்கேன் என்றார் டாக்டர். குடும்பம் பயபக்தியோடு கேட்டுக்கொண்டது. பிறகு, இதெல்லாம் சரிதானா என்று மச்சானிடம் கேட்டது.

மச்சான் என்பவர் தையல்காரர் மனைவியின் அண்ணன். மருந்துக்கடை கல்லாவில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர். மருத்துவம் படிக்காத குறை அவருக்கு மட்டும் தெரியாது. ஸ்கேன் எதற்கு, நாடி பார்த்தால் போதாதா என்றார். தினமும் காலையில் வந்து, புறங்காலில் கட்டைவிரலை அழுத்தி, கண்ணை மூடி, தீர்ப்புச் சொல்வார்.

"குதிரை மாதிரி ஓடுது, மாப்ள."

முதல் ஸ்கேன் தேதி போனது. இரண்டாவதும் போனது. பாதம் சில்லென்று இருப்பதாக மனைவி சொன்னபோது மச்சான் மின்விசிறியைக் குறைக்கச் சொன்னார். பெருவிரல் புண் ஆறவில்லை என்றபோது செருப்பை மாற்றச் சொன்னார். குதிரை ஓடிக்கொண்டேயிருந்தது. விரல் கறுத்த அன்று மனைவி யாரையும் கேட்கவில்லை. காரை வரவழைத்து, கணவரை ஏற்றினாள். மச்சானும் ஆலோசகராக ஏறிக்கொண்டார்.

ஸ்கேன் எடுத்த பெண் இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். மச்சான் பெருமையோடு செய்து காட்டினார்.

"கட்டைவிரல வச்சுப் பார்த்தா உங்க துடிப்பே உங்களுக்குத் தெரியும் சார்," என்றாள் அவள். "உங்களுக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கீங்க."

ஒட்டுக்குழாய் இரண்டு இடங்களில், நாடா இழுத்த பை வாயாகச் சுருங்கியிருந்தது. தொடையில் சிறு துளையிட்டு, மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தி, சுருங்கிய இடங்களில் பலூனை ஊதி விரித்தார்கள். தையல்காரர் விழித்திருந்தார். வெளியே மச்சான், பக்கத்து நாற்காலிக்காரருக்குப் பலூனின் தத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தார். மனைவி, மூடியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வெளியே வந்தார். விரல் போகலாம், கால் தப்பித்தது என்றார். ஆனால் குழாய் திரும்பவும் சுருங்கக்கூடும். ஒரு மாதத்தில் கட்டாயம் ஸ்கேன்.

"அதுவரைக்கும் நான் தினம் வந்து..." என்று மச்சான் ஆரம்பித்தார்.

"அண்ணே, காலையிலேர்ந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல," என்றாள் தங்கை, அன்பாகவே. "கேண்டீன் கீழதான் இருக்கு. போய்ட்டு நிதானமா வாங்க."

அவர் படியிறங்கும் சத்தம் முழுதும் தேயும்வரை காத்திருந்துவிட்டு, டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"தேதிய எங்கிட்ட சொல்லுங்க."