தாஜுன்னிசா எழுதிய கடிதம்

ஜோதிமேரி கேட்டது ஒரு கடிதம்தான். வடக்கே உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் பிஎச்.டி.க்குச் சேரத் தகுதியானவள் என்று பேராசிரியர் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். மதுரையில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தபோது அவருடைய வகுப்பில் முதலாவதாக வந்தவள் அவள். இப்போது இராமநாதபுரத்தில் பள்ளிக்கூட டீச்சர். இதற்காகவே லீவு போட்டு வந்திருந்தாள்.

அவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'மீன்பிடித்தல், தங்கச்சிமடம்' என்று இருந்ததை விரலால் தட்டினார்.

"உங்க ஆளுங்கள்ல இதுவரைக்கும் யாரும்மா பிஎச்.டி. பண்ணியிருக்கா?"

"யாருமில்ல சார். அதனாலதான் ஃபாரம் வாங்கியிருக்கேன்."

அவர் முகம் இறுகியது. "டீச்சர் வேலையே உனக்குப் பெரிசு. வேணும்னா ஒண்ணு செய். கடற்கரைப் பொண்ணு நீ, நம்ம லேபுக்கு மாசாமாசம் கடல் அட்டை பிடிச்சு அனுப்பு. என் கட்டுரையில நன்றின்னு உன் பேரைப் போடுறேன்."

"நன்றி சொல்ற இடத்துல வேணாம் சார். எழுதினவங்க இடத்துலதான் என் பேர் வரணும்."

விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். 

கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இரண்டு கடிதம் வேண்டும். ஒன்றை அதே கல்லூரியின் தாவரவியல் விரிவுரையாளர் முன்பே தந்திருந்தார். மற்றொன்றுக்கு யாரிடம் போவது?

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அம்மா யாகப்பம்மாள் பேராசிரியர் மறுத்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட்டதுபோலத்தான் இருந்தது. "கான்வென்ட் பள்ளிக்கூடத்துல ஆள் கேக்காக. பேசாம இங்கனயே வந்துரு. வாத்தியாரே வேணாம்னு சொன்னப்புறம் உனக்கென்ன வீம்பு?"

"வீம்புதாம்மா. அதுகூட இல்லன்னா நான் எட்டாங்கிளாஸோட நின்னுருப்பேன்."

சொல்லிவிட்டு விண்ணப்பத்தை மறுபடி எடுத்து ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள். 'விண்ணப்பதாரரின் வேலையை நேரில் அறிந்த இருவர்' என்றுதான் இருந்தது. பேராசிரியர் என்ற சொல் எங்கேயும் இல்லை.

அவள் வேலையை நேரில் அறிந்தவர் பெரியபட்டினத்தில் இருந்தார். தாஜுன்னிசா புருஷன் மவுத்தான பிறகு அவருடைய அட்டைக் கொட்டகையைத் தானே நடத்துகிறவர். கடல் தரையில் கிடக்கும் வெள்ளரிக்காய் போன்ற கடல் அட்டையைக் கீறி, அவித்து, காயவைத்துக் கப்பலுக்கு அனுப்பும் வேலை. கீறி எறிகிற குடலோடுதான் ஜோதிமேரிக்கு வேண்டியது இருந்தது. பதினாலு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் போய், அந்தக் குடலைக் கழுவி, அதோடு வரும் நூல் போன்ற முட்டைக் குழல்களை அளந்து நோட்டில் எழுதிவந்தாள். அட்டை வருஷத்துக்கு ஒரு தடவைதான் முட்டை வைக்கும் என்று பேராசிரியர் பாடம் நடத்தியிருந்தார். அவள் நோட்டில் அது இரண்டு தடவையாக இருந்தது.

"கடுதாசியா? நானா?" தாஜுன்னிசா அகப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு இங்கிலீசு தெரியாது, புள்ள. தமிழ் எழுத்தும் வராது. ஓதப்போன காலத்துல படிச்ச அரபு எழுத்துலதான் தமிழை எழுதுவேன்."

"அதுலயே எழுதுங்க லாத்தா. நீங்க பாத்ததை எழுதுங்க. கூட்ட வேணாம், குறைக்கவும் வேணாம்."

தாஜுன்னிசா கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். வலமிருந்து இடமாக நிதானமாக எழுதினார். முடித்ததும் உரக்கப் படித்தார். ஜோதிமேரி அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு ஆங்கிலத்தில் டைப் அடித்து, அசல் கடிதத்தோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. வடக்கே இரண்டு நாள் ரயில். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஓரத்தில் இருந்தவர் தாஜுன்னிசாவின் காகிதத்தை இரு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன, அரபியா?"

"தமிழ் சார். எழுத்துதான் அரபி."

"இந்த அம்மா எந்தக் கல்லூரி?"

"இருபது வருஷமா அட்டை அவிக்கிறாங்க. உங்க ஃபாரத்துல என் வேலையைத் தெரிஞ்சவங்கன்னுதான் கேட்டிருக்கீங்க. கல்லூரின்னு கேக்கல."

அவர் சிரித்தார். நடுவில் இருந்த தலைவர் சிரிக்கவில்லை. ஆங்கிலப் பிரதியை எடுத்துத் தானே வாசித்தார்.

'இந்தப் பிள்ளை சனிக்கிழமை தோறும் வந்து நாங்கள் வீசுகிற குடலை அளக்கிறது. ஐப்பசியிலும் அட்டைக்குள் முட்டை இருக்கிறது என்றது. நான் இல்லவே இல்லை என்றேன். அறுபது அட்டையைக் கீறிக் காட்டியது. நான் சொன்னது தப்பு. இந்தப் பிள்ளை எனக்காகக் கணக்கை மாற்றி எழுதவில்லை. உங்களுக்காகவும் எழுதாது.'

தலைவர் கை நீட்டினார். "அந்த அளவு நோட்டு இருக்கா?"

இருந்தது. ஒன்றரை மணி நேரம் கேட்டார்கள். இரண்டு கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னாள்.

ஆனி மாதம் கடிதம் வந்தது. இடம் உண்டு, ஆனால் முதல் வருஷம் சோதனைக் காலம், திருப்தியில்லை என்றால் நீக்கப்படுவாள். ஊருக்குப் போய்த் தகப்பனார் சிலுவைமுத்துவுக்கு அதைப் படித்துச் சொன்னாள்.

அவர் வலையைத் தைத்துக்கொண்டே கேட்டார். "ஒரு வருசம் வச்சிருந்துட்டு, போன்னு சொல்லிட்டா?"

"ஏன்னு கேப்பேன்யா. எழுதிக் குடுங்கன்னு கேப்பேன்."

திங்கட்கிழமை காலையில் ராஜினாமாக் கடிதத்தைத் தலைமை ஆசிரியை மேசையில் வைத்தாள். காரணம் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: ஆராய்ச்சி.