சுவரில் நின்ற சிப்பாய்

யுத்தத்துக்கு ஆள் சேர்க்க, அரியலூர் ஸ்டேஷன் சுவரில் ஒரு சிப்பாய் படம் வேண்டும் என்றார் அதிகாரி. மாதா கோயில்களில் புனிதர்களை வரைந்து பழகிய ஞானப்பிரகாசம், அங்கே மூட்டை தூக்கும் கொளஞ்சியப்பனை நிற்கவைத்து வரைந்தார். கோவணத்தோடு நின்றவனுக்குச் சுவரில் காக்கிச் சட்டை, பூட்ஸ், துப்பாக்கி. என்ன உயிரோட்டம் என்று ஊரே மெச்சியது.

கொளஞ்சியப்பனும் அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் பட்டாளத்தில் சேர்ந்தான். பர்மாவில் செத்தும் போனான்.

அவனுக்கு வேறு படம் ஏது? தாய் சின்னம்மாள் சுவரிலிருந்த மகனுக்குக் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, விளக்கேற்றிக் கும்பிட்டாள்.

அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "மாலை போட்ட படத்தைப் பார்த்து எவன்யா சேருவான்? சுண்ணாம்பு அடிச்சுட்டு வேற மூஞ்சியப் போடும்."

"அந்தம்மாவுக்கு இருக்கிறது இந்த ஒரு படம்தாங்க."

"உம்மைக் கூப்பிட்டது வரையத்தான்."

சின்னம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஞானப்பிரகாசம் சுண்ணாம்பு அடித்து முடித்தார். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு, புது முகம் தேடி மூட்டைக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

அத்தனை பேரும் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார்கள்.