முகம் கறுக்க ஒரு குளிர்காலம்

எங்கள் வீட்டுப் பூனைக்கு முகம் போதுமான அளவு கறுக்கவில்லை என்று போன வருடம் நாலு பேர் நடுவில் வைத்துச் சொன்னார்கள். பெற்ற பிள்ளையைச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வயிறு எரிந்திருக்காது. பிள்ளை இல்லை என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் சொல்கிறேன்.

பூனை சயாமீஸ் இனம். பேர் மேனேஜர். பெண்தான். ஒவ்வொரு அறையாகப் போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு, எதுவும் திருப்தியில்லை என்பதுபோலத் திரும்பி வருவதால் என் வீட்டுக்காரர் வைத்த பேர் அது. இந்த இனத்துக்கு உடம்பெல்லாம் பாலாடை நிறம்; முகம், காது, கால் நுனி, வால் மட்டும் அழுத்தமாக இருக்கும். அந்த அழுத்தத்திலும் வகை உண்டு. அடர்பழுப்பு ஒன்று, சாக்லேட் ஒன்று, நீலம் என்று ஒன்று. நீலப் பூனை வந்திருக்கிறது என்று ஓடிப்போய்ப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருக்கும். பூனைச் சங்கத்தில் எல்லோரும் அதை நீலம் என்றுதான் சொல்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சொல்லப் பழகிக்கொண்டேன். மேனேஜர் அடர்பழுப்பு வகை.

சங்கத்தின் போட்டியில் கோப்பை வாங்கியே தீர வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம். அதற்குக் காரணம் பூனை இல்லை, மாடிப்படி.

எங்களுடையது மாடியும் கீழுமான வீடு. கீழே என் வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பம், மேலே நாங்கள். நடுவில் பொதுப் படிக்கட்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தச் சுவருக்கு வண்ணம் அடிக்க ஆள் வந்தபோது ஓரகத்தி பச்சை என்றார், நான் இளமஞ்சள் என்றேன். பேச்சு வளர்ந்தது. வண்ணக்காரரை வைத்துக்கொண்டே, "உனக்கு நிறமே பாக்கத் தெரியாது, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றார் அந்த அம்மாள். நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கப் பிறத்தியாருக்குக் கண் சரி பண்ணி அனுப்புகிறவளைப் பார்த்து அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? வண்ணக்காரர் பாவம், நடுப்படி வரைக்கும் பச்சையும் அதற்கு மேல் மஞ்சளும் அடித்துவிட்டுக் கம்பி நீட்டினார். அன்றைக்கு நின்ற பேச்சு அப்புறம் தொடரவே இல்லை. அண்ணன் தம்பிகள் மட்டும் வெட்கமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நிறத்துக்காகவே நடக்கிற ஒரு போட்டியில் கோப்பை வாங்கி, அதை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேற வேண்டும். இதுதான் என் திட்டம். அதில்தான் போன வருடம் மண் விழுந்தது. கோப்பையை ஒரு பல் டாக்டரின் பூனை அடித்துக்கொண்டு போயிற்று.

வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். அவர் பல் பிடுங்குவதற்கு முன்னால் பேசுகிற குரலில் மெதுவாகச் சொன்னார்.

"வேற ஒண்ணும் இல்லைங்க. குளிர்தான். குளிர்ல வச்சா மூஞ்சி நல்லாக் கறுக்கும். இந்த வருஷம் நான் ஹீட்டரே போடப் போறதில்ல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. குளிர்காலம் தொடங்கிய அன்றே ஹீட்டரைப் பிடுங்கி அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். சமையலறை ஜன்னலைப் பகலெல்லாம் திறந்து வைத்தேன். வீட்டுக்காரர் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு சாப்பிட்டார்.

"ஏம்மா, இது வீடா, ஐஸ் பெட்டியா?"

"கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க."

"கடிக்கவே வேண்டாம், அதுவா கடிச்சுக்குது."

அவர் லிஃப்ட் மெக்கானிக். மதியமே வேலை முடிந்து வந்துவிடுவார். வந்ததும், அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிவிடுவார். அண்ணனோ பஸ் டிப்போவில் இருட்டும் வரை வேலை பார்க்கிறவர். இல்லாத அண்ணனை இவர் தினம் எப்படிப் பார்த்தார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. என் கவனமெல்லாம் மேனேஜரின் மூக்கின் மேல் இருந்தது. கடையிலிருந்து வந்ததும் விளக்கடியில் அவளைத் தூக்கிப் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். டாக்டர் பொய் சொல்லவில்லை. முகம் கறுத்தது. காது கரியாயிற்று. நான் குளிரில் நடுங்கிக்கொண்டே சிரித்தேன்.

ஆனால் கழுத்தும் கொஞ்சம் கறுத்தது. பின்பக்கமும் மங்கியது. நடு உடம்பு மட்டும் போன வருடத்துப் பாலாடையாகவே பளிச்சென்று இருந்தது. அழுக்கோ என்று இரண்டு முறை குளிப்பாட்டினேன். மேனேஜர் என் கையைக் கீறியதுதான் மிச்சம்.

"என்னங்க, இவ முதுகு ஒரு மாதிரியா இல்ல?"

"வெளிச்சம் அப்படி விழுது" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

போட்டி ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. வரிசையாகக் கூண்டுகள், நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேசை. நடுவர் ஒல்லியான ஒரு பெண்மணி. கழுத்தில் சங்கிலி கட்டிய கண்ணாடி. அதைப் போட்டும் போடாமலும் பார்த்ததிலேயே பவர் மாற்ற வேண்டிய கண் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேனேஜரின் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "பிரமாதம்" என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை. அப்புறம் பூனையை மேசையில் நிற்க வைத்தார். பூனையைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார்.

"இதுக்கு யார் சட்டை போட்டுவிடறது?" என்று கேட்டார்.

"சட்டையா? யாரும் இல்லைங்களே."

"இந்த இனத்துக்கு ஒரு குணம் உண்டு. தோல் எங்க குளிருதோ அங்க முடி கறுப்பா முளைக்கும், எங்க சூடா இருக்கோ அங்க வெளுப்பா முளைக்கும். காதும் வாலும் கறுப்பா இருக்கறதே அதனாலதான். உங்க பூனை ரொம்பக் குளிர்ல இருந்திருக்கு, அதான் கழுத்தும் இடுப்பும் மங்கியிருக்கு. ஆனா நடுவுல மட்டும் கதகதப்பா மூடியிருந்திருக்கு. இங்க பாருங்க, கை."

"என்ன கை?"

"சட்டைக் கை. முன்னங்கால்ல முட்டி வரைக்கும் வெளுப்பு. இங்க கழுத்துப் பட்டி முடியுது. முதுகுல நேரா ஒரு கறுப்புக் கோடு ஓடுது பாருங்க, அது பொத்தான் போடற இடம். நடுவுல கொஞ்சம் வாய் பிளந்திருக்கு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை குனிந்தார். "ஒரு சுத்து பெரிசா பின்னியிருக்கலாம்."

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் சொன்ன பிறகு அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. என் பூனை தன் முடியாலேயே ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுமேசையில் நின்றது. யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். மேனேஜர் அதற்கும் முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.

நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவசரமாகக் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டார். போடுவதற்குள், உள்ளே சிவப்புக் கம்பளி நூலில் பின்னிய புத்தம்புது ஸ்வெட்டர் ஒன்று தெரிந்துவிட்டது.

"இது ஏது?"

"அண்ணி…" என்று இழுத்தார். "நூல் மிச்சம் இருந்துதாம். முதல்ல பூனைக்குத்தான் பின்னினாங்க."

நாங்கள் கடைசி இடம். கடைசிக்கு முந்தின இடம் பல் டாக்டருக்கு. அவர் பூனை வால் முதல் மூக்கு வரை ஒரே காப்பி நிறமாகிவிட்டிருந்தது. கோப்பையை வாங்கியவர் ஒரு தையல்காரர். எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் பண்ணலைங்களே, அது பாட்டுக்கு வீட்ல தூங்கும்" என்றார். அந்த ஆளை எனக்கு இன்று வரை பிடிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் என் வீட்டுக்காரர் கக்க வேண்டியதையெல்லாம் கக்கிவிட்டார். நான் கடைக்குப் போனதும் மேனேஜர் சமையலறை ஜன்னல் வழியாகச் சன்ஷேடில் குதித்து, அங்கிருந்து கீழ்வீட்டு ஜன்னலுக்குப் போய்விடுவாளாம். பகலெல்லாம் அங்கேதானாம். நான் வரும் நேரத்துக்குச் சட்டையைக் கழற்றி, வந்த வழியிலேயே ஏற்றிவிடுவார்களாம். ஒரு குளிர்காலம் முழுக்க என் தலையில் பூனையும் சேர்த்து மூன்று பேராக உட்கார்ந்து மிளகாய் அரைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவரை மேலே போகச் சொல்லிவிட்டுக் கூடையோடு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஓரகத்தி திறந்தார். மூக்கில் கண்ணாடி, கையில் பின்னல் ஊசி. என்னைப் பார்த்ததும் ஊசியைக் கீழே போட்டார்.

"என் பூனைக்குச் சட்டை போட நீங்க யாரு?" என்றேன். இரண்டு வருடத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நடுங்கிக்கிட்டே வந்து நின்னுச்சு. பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீ எம்மூஞ்சியப் பாத்தாத்தானே சொல்றதுக்கு! உள்ள வந்து கத்து. கதவைத் திறந்து வச்சா குளிர் வருது."

உள்ளே போனேன். கதகதவென்று இருந்தது அந்த அறை. கோபத்தைவிட அந்தச் சூடு முதலில் உறைத்தது. சோபாவின் ஓரத்தில் சின்னச் சிவப்புச் சட்டை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. கூடையைத் திறந்ததும் மேனேஜர் இறங்கி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேராகப் போய் அதன் மேல் உட்கார்ந்தாள்.

ஓரகத்தி அப்போதுதான் அந்த முதுகைச் சரியாகப் பார்த்தார். கழுத்துப் பட்டியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பொத்தான் கோட்டைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சிரிங்க. எனக்கு நிறம் பாக்கத் தெரியாதுன்னு இப்பவும் சொல்லுங்க. கடைசி இடம்க்கா. அத்தனை பேர் முன்னால."

அக்கா என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவருடைய சிரிப்பு நின்றது.

"கடைசியா? இந்தத் தடவை கோப்பை உனக்குத்தான்னு தம்பி சொன்னாரே. நானும் கெடைச்சிரும்னுதான் இருந்தேன்." பூனையின் முதுகை விரலால் நீவினார். "இது போயிடுமா? இப்படியே நின்னுடுமா?"

"முடி உதிர்ந்து புதுசா முளைக்கும்போது சரியாப் போயிடுமாம். வீடு கதகதப்பா இருக்கணுமாம், உடம்புல ஒண்ணும் போடக் கூடாதாம், நடுவரம்மா சொன்னாங்க. அவ்வளவுதான்."

"அப்ப நான் இனிமே சட்டை போடல. நீ ஹீட்டரைப் போட்டு அந்த ஜன்னலைச் சாத்து. அடுத்த வருஷம் வாங்கிடலாம்."

நியாயமான பேச்சுதான். சரி என்று சொல்லி எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் ஜன்னலைச் சாத்தினால் மேனேஜர் எப்படிக் கீழே வருவாள் என்று எனக்கு யோசனை வந்தது. அவருக்கும் அதே நேரத்தில்தான் வந்திருக்க வேண்டும். கீழே விழுந்த ஊசியைத் தேடுகிறவர்போலக் குனிந்தார். ஊசி அவர் காலடியிலேயே கிடந்தது. அதை எடுக்காமல் வெகுநேரம் தேடினார்.

அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பிள்ளைகள் இருவரும் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். அண்ணன் இருட்டிய பிறகுதான் வருவார். என் வீட்டுக்காரர் வந்து உட்காருவதும் கதகதப்புக்காகத்தான். காலையிலிருந்து அந்த அம்மாள் யாரோடு பேசுவார்? தரையில் நூல்கண்டு போட்ட ஒரு கூடை. பக்கத்தில் பூனை குடிக்கத் தண்ணீர்க் கிண்ணம், துடைத்த துடைப்பில் பளபளவென்று இருந்தது. மேலே என் வீட்டுக் கிண்ணத்தை நான் கழுவி எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

"ஜன்னல் வழியா இனி வர முடியாது" என்றேன்.

"அதான் சொல்றேனே, சாத்திடு."

"காலைல வேலைக்குப் போறப்ப நானே கொண்டாந்து விட்டுட்டுப் போறேன். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவர் குனிந்தபடியே கேட்டார். "தினமுமா?"

"பூனைக்கு லீவு உண்டா என்ன?"

ஊசி கிடைத்துவிட்டது. நிமிர்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். அந்தக் கண்ணாடியும் அவருக்குப் பவர் மாற வேண்டியதுதான். அதை இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"ஒம்பது மணின்னா நான் குளிக்கிற நேரம். கதவு திறக்க முடியாது."

"எட்டரைக்கு வரேன்."

"எட்டரைன்னா அப்பதான் காபி போட்டுட்டு இருப்பேன்."

"போடுங்க. நான் நின்னுக்கிட்டே குடிச்சிட்டு ஓடிடுவேன்."

"ஏன், உக்காந்தா தேய்ஞ்சு போயிடுவியா?" என்றார் அக்கா.