ஹீற்றரில் வைத்த மீனெண்ணெய்

எண்பத்தைந்தாம் ஆண்டில் ரொறன்ரோ பஸ்களில் பாக்கியராசாவுக்கு இடம் கிடைக்காமல் போனதே இல்லை. அவன் ஏறி ஒரு மூலையில் உட்கார்ந்தால் அடுத்த தரிப்பிடத்துக்குள் பக்கத்துச் சீற் காலியாகும். அதற்கடுத்த தரிப்பிடத்தில் முன்சீற்றும் காலியாகும். எல்லாம் ஹெரிங் மீனெண்ணெயின் மகிமை. எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது. கோட்டிலும் தொப்பியிலும் தலைமயிரிலும் ஊறிப்போயிருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் அவனுக்குச் சிரிப்பு வரும். கூடவே அந்த நாற்றத்துக்கு மூக்கு ஏங்கவும் செய்யும். மனிதனுக்கு எதெதற்கு ஏக்கம் வரும் என்று யார் கண்டது?

அவன் மட்டக்களப்புப் பக்கம், ஆரையம்பதிக்காரன். கலியாணம் முடித்து எட்டே மாதத்தில் மனைவி நாகேஸ்வரியை அவளுடைய சீதன வீட்டிலேயே விட்டுவிட்டு, எண்பத்து நாலில் கனடாவுக்கு வந்தவன். மறு வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலக்கீழ் அறையில் வேலை கிடைத்தது. ஆறு வட்டத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்தில் அறுபது சால்மன் குஞ்சுகள். அவற்றுக்குத் தீனி செய்து போடுவதுதான் உத்தியோகம். அதற்கு முன் அவன் அறிந்த சால்மன் எல்லாம் தகர ரின்னுக்குள் இருந்தவை.

டோர்செட் பார்க்கில் அவனோடு ஒரே அபார்ட்மென்றில் இருந்த பொன்னம்பலம் அண்ணைக்கு இது பெரிய பகிடி. யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் இருந்த மனுசன். வாய் சும்மா இருக்காது.

"ஊரெல்லாம் மீனைச் சமைக்குது, நீர் மீனுக்குச் சமைக்கிறீர். உப்புப் புளி பார்க்கிறதும் நீர்தானோ?"

அதுவும் ஓரளவு சமையல்தான். மாவை நிறுத்து, சத்துத்தூளைக் கலந்து, கடைசியில் எண்ணெய் விட்டுப் பிசைந்து, இடியப்ப உரல் மாதிரி ஒரு மெசினில் பிழிந்து, காயவைத்து உடைக்க வேண்டும். எல்லாத் தொட்டிக்கும் மா ஒன்றுதான், தூள் ஒன்றுதான். எண்ணெய் மட்டும் வேறு. இரண்டு தொட்டிக்கு ஹெரிங் எண்ணெய், இரண்டுக்குத் தேங்காயெண்ணெய், மற்ற இரண்டுக்கும் பாதிக்குப் பாதி. கடலில் வலைக்கூடு கட்டிச் சால்மன் வளர்க்கும் தொழில் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தது. அந்த மீனுக்கு எந்தக் கொழுப்பு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதே கேள்வி. கேள்வி கிறிஸ்ரினாவுடையது.

கிறிஸ்ரினா நியூ பிரன்ஸ்விக் கரையிலிருந்து கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்க வந்த பெண். தகப்பன் மீன்பிடிக்காரர். முகம் நிறையப் பொட்டுப் பொட்டாக மச்சம், சிரித்தால் தொட்டித் தண்ணீர் அதிரும். அவனுடைய பெயர் வாயில் நுழையாமல் "ராஜா" என்று கூப்பிடுவாள். ஊரில் பெற்ற தாய்கூட அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. மத்தியானத்தில் இருவரும் கவிழ்த்த வாளிகளின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவனுடைய மீன்குழம்பில் பாணைத் தோய்த்துத் தின்றுவிட்டு, மூக்கு வடிய வடிய இன்னும் கேட்பாள். அந்த வாளியின் மேல் இருந்த சுகம் பிறகு எந்தக் கதிரையிலும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

நத்தாருக்குக் கிறிஸ்ரினா பத்து நாள் வீட்டுக்குப் போனாள். தொட்டிகள் பாக்கியராசாவின் பொறுப்பு. ஹெரிங் எண்ணெய் உறைகுளிர்ப் பெட்டியில் இருக்கும். வெளியே எடுத்தால் உறைந்த நெய் மாதிரி கட்டியாக இருக்கும். அதை மூடி திறக்காமல், குளிர் அறையிலேயே வைத்து மெல்ல மெல்ல இளகவிட வேண்டும் என்று கிறிஸ்ரினா சொல்லியிருந்தாள். கதவிலும் எழுதி ஒட்டியிருந்தாள். அவன் அதை வாசித்தவன்தான். ஆனால் குளிர் அறையில் அது இளக இரண்டு நாள் எடுக்கிறதே!

ரொறன்ரோவில் அந்தக் காலத்தில் எந்தத் தமிழ் வீட்டுக்குள் போனாலும் ஹீற்றருக்கு மேல் ஒரு தேங்காயெண்ணெய்ப் போத்தல் நிற்கும். ஐப்பசியில் ஏற்றினால் சித்திரையில்தான் இறக்குவார்கள். இல்லாவிட்டால் தலைக்கு வைக்க ஒரு துளி வராது. எண்ணெயைக் கெடுப்பது குளிர், காப்பது சூடு. இதற்கு ஒரு படிப்பு வேண்டுமா? பாக்கியராசா ஹெரிங் எண்ணெய்க் கானைத் தூக்கி, மூடியையும் திறந்து, ஜன்னலோரத்து ஹீற்றரில் வைத்தான். அது அங்கேயே இருந்தது. எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடியது; மா பஞ்சுபோலப் பிசைபட்டது. இதை முதலே செய்திருக்கலாமே என்று அவனுக்குத் தன்மேல் ஒரு பெருமை. கிறிஸ்ரினா திரும்பி வந்த பிறகும், அவள் அபூர்வமாகவே எட்டிப்பார்க்கும் தீனி அறையின் மூலையில் அந்தக் கான் ஹீற்றரை விட்டு இறங்கவில்லை. மணம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. மீனெண்ணெய் மல்லிகைப்பூவாகவா மணக்கும்?

தை மாதம் பிறந்து இரண்டு மூன்று கிழமைக்குள் மீன்கள் சாகத் தொடங்கின. தேங்காயெண்ணெய்த் தொட்டியில் செத்திருந்தால் அது எதிர்பார்த்ததுதான். அந்தக் குஞ்சுகள் மெலியும், செட்டை அரிபடும், வலையை உள்ளே விட்டாலே மயங்கி மிதக்கும் என்று கிறிஸ்ரினா முன்னமே சொல்லியிருந்தாள். ஆனால் செத்தவை ஹெரிங் எண்ணெய் தின்ற மீன்கள். கொழுத்துத் துள்ள வேண்டிய குஞ்சுகள் கறுத்துப்போய் மூலையில் கிடந்தன. செவுளின் பூவைத் திறந்து பார்த்தால் இரத்தச் சிவப்பு இல்லை, வெளிறிப்போயிருந்தது. காலையில் வந்ததும் கிறிஸ்ரினா செத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்குவாள். குழம்பு கேட்பதை விட்டுவிட்டாள்.

அவளுடைய ஆராய்ச்சிக்குப் பொறுப்பான பேராசிரியர் அவள்மேல்தான் பாய்ந்தார். சத்துத்தூளைப் பிழையாக நிறுத்திருப்பாய், கவனமில்லாதவளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். அன்று பின்னேரம் அவள் தீனி அறைக்கு வந்து, இரண்டு சின்னக் கிண்ணங்களைக் குளிர்பெட்டியில் இருந்து எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்றில் தேங்காயெண்ணெய், கல்லுப்போல. மற்றதில் ஹெரிங் எண்ணெய், கலங்கியிருந்தாலும் ஓடிற்று.

"பார், ராஜா. சால்மன் குளிர்த் தண்ணீரில் வாழ்கிறது. உடம்புக்குள் கொழுப்பு இப்படிக் கல்லாகிவிட்டால் அது எப்படி நீந்தும்? அதனால்தான் இந்த இளகின எண்ணெய் அதற்கு வேண்டும். அதை அதுவே செய்துகொள்ளவும் முடியாது, நாங்கள்தான் கொடுக்க வேண்டும். ஆனால் இளகின எண்ணெய்க்கு ஒரு குறை. சூடும் காற்றும் பட்டால் தேங்காயெண்ணெய் மாதிரித் தாங்காது. காறிப்போகும். காறினால் அதுவே நஞ்சு." அவள் கண்ணைத் துடைத்தாள். "இந்த மீன்களைப் பார்த்தால், யாரோ எண்ணெயைக் காய்ச்சிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. ஆனால் அப்படி யார் செய்வார்கள்? பிழை என்னுடையதுதான். வெள்ளிக்கிழமை படிப்பை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன்."

பாக்கியராசாவின் முதுகுக்குப் பின்னால் ஹீற்றர் மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மேலிருந்த கானை மறைத்தபடி அவன் நகராமல் நின்றான்.

பிழையைச் சொல்லுவதற்கு என்ன பயம் என்று கேட்கலாம். பயம் மேசையில் இருந்தது, பேராசிரியரின் மேசையில். நாகேஸ்வரியைக் கூப்பிட ஸ்பொன்சர் பத்திரம் எல்லாம் நிரப்பியாயிற்று. நிலையான வேலை உண்டென்று ஒரு கடிதம் மட்டும் குறை. பங்குனியோடு முடிகிற வேலையை நிரந்தரமாக்கி அந்தக் கடிதத்தையும் தருவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"வாயைத் திறவாதையும்," என்றார் பொன்னம்பலம் அண்ணை. அன்றைக்கு அவருக்குப் பகிடி வரவில்லை. "அந்தப் பெட்டை போனா வேற படிப்புப் படிக்கும். உம்மட மனிசிக்கு வேற புருசனே இருக்கிறான்? நுணலும் தன் வாயால் கெடும். விளங்குதோ?"

"விளங்குது அண்ணை."

"விளங்கினாச் சரி. கானைக் கழுவி வையும்."

வியாழக்கிழமை காலை கானைக் கழுவத்தான் அவன் போனான். குழாயடியில் கிறிஸ்ரினா புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தொட்டிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டியிருந்த அட்டைகளையும் உரித்து, மடிக்காமல், ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். பாக்கியராசா கழுவாத கானோடு நேரே பேராசிரியரின் அறைக்குப் போனான். தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் ஹீற்றர், மூடி, நத்தார், தேங்காயெண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றையும் சொன்னான்.

பேராசிரியர் கத்தவில்லை. கானை வாங்கி மணந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார். தானே இறங்கி வந்து ஹீற்றரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எண்ணெயைப் பரிசோதித்தபோது அவன் சொன்னது சரியாகவே இருந்தது. கிறிஸ்ரினாவுக்குப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய இன்னொரு வருடம் கிடைத்தது. பாக்கியராசாவுக்கு, உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று ஒரு கைகுலுக்கல் கிடைத்தது. பங்குனியோடு வேலை முடிந்தது. கடிதம் வரவில்லை. வேலையே இல்லாதவனுக்கு வேலைக் கடிதம் எப்படி வரும்?

கிறிஸ்ரினா முதலில் மேசையில் ஓங்கிக் குத்தினாள். பிறகு அழுதாள். கடைசி நாளில் வாசல்வரை வந்து, "இனி என்ன செய்வாய்?" என்று கேட்டாள். "பிறம்ரனில் வேலை நிறைய இருக்கு," என்றான். கடிதத்தைப் பற்றி அவன் மூச்சே விடவில்லை.

பிறம்ரன் பண்டகசாலைகளில் கிழமைக்கொரு முதலாளி. யாரும் கையெழுத்துப் போடுகிற ஆட்கள் இல்லை. ஒரு நிரந்தர வேலையும் கடிதமும் சேர்ந்து கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பத்திரங்கள் நகர இன்னொரு வருடம் சென்று, எண்பத்தெட்டு வைகாசியில் நாகேஸ்வரி வந்திறங்கினாள். மெலிந்திருந்தாள், கழுத்தெலும்பு தெரிந்தது. காத்திருந்த காலத்தில் ஊரில் நடந்த சண்டைக்குப் பயந்து இரண்டு தடவை வீட்டை விட்டு ஓடி, வாவியைத் தோணியில் கடந்து, அக்கரையான படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்து மாதம் மற்றச் சனங்களோடு படுத்திருந்தாள். ஏன் இவ்வளவு சுணங்கியது என்று கடிதத்திலும் கேட்டவள், வந்தும் கேட்டாள். "இந்த நாட்டுச் சட்டம் அப்பிடி" என்று அவன் மழுப்பிக்கொண்டிருந்தான்.

மழுப்பல் மூன்று கிழமைதான் ஓடியது. கிறிஸ்ரினா எப்படியோ நம்பர் தேடிப் பிடித்துப் போன் எடுத்துவிட்டாள். பட்டம் கிடைத்துவிட்டது, அதே நிலக்கீழ் லாப்பில்தான் இருக்கிறாள், மனைவியைக் கூட்டிக்கொண்டு வா என்றாள். அவர்கள் இப்போது குடியிருந்த வோபர்னில் இருந்து போகும் பஸ்ஸில் பாக்கியராசா நாகேஸ்வரிக்கு எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீங்க வாய் திறக்காம இருந்திருந்தா ஆருக்கும் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிராது."

"அப்ப நான் எப்ப வந்திருப்பன்?"

"கடிதம் அப்பவே கிடைச்சிருந்தா, போன வருசம் பங்குனியளவில."

அவள் விரலை மடித்து எண்ணினாள். "பதினாலு மாசம்."

"அந்தப் பிள்ளை அழுதிச்சு, நாகேசு. பார்த்துக்கொண்டு நிக்க ஏலாமப் போச்சு."

"நானும்தான் அழுதன். அது உங்களுக்குக் கேட்கல்ல."

இறங்குமிடம் வந்ததும் பாக்கியராசா மணிக்கயிற்றை இழுத்தான்.

லாப்பில் தொட்டிகள் பன்னிரண்டாகியிருந்தன. அதே நாற்றம். உள்ளே நுழைந்ததும் பாக்கியராசாவுக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் தண்ணீர் முட்டியது. பெண்சாதிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைக் காட்டவும் வெட்கமாக இருந்தது. கிறிஸ்ரினா ஓடிவந்து நாகேஸ்வரியைக் கட்டிப்பிடித்தாள். நாகேஸ்வரி மரம்போல நின்றாள். கிறிஸ்ரினா அவளுடைய கையில் ஒரு பிடி தீனியைக் கொடுத்து, தொட்டியில் போடச் சொன்னாள். முழங்கை நீளத்துச் சால்மன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து அள்ளின. நாகேஸ்வரியின் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

"உன் கணவர் இல்லாவிட்டால் எனக்கு இந்தப் பட்டம் இல்லை," என்றாள் கிறிஸ்ரினா. "எனக்காக வேலையை இழந்தார். நல்லவேளை, வேறொன்றும் இழக்கவில்லை. வேலை எங்கேயும் கிடைக்கும்தானே? ராஜா, அவளுக்குச் சொல்லு."

அவன் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னான். நாகேஸ்வரி கேட்டுவிட்டு அவனை நேரே பார்த்தாள்.

"பதினாலு மாசமெண்டு சொல்லுங்க."

"நாகேசு..."

"சொல்லுங்க. இந்தப் பிள்ளைக்கும் தெரியட்டும்."

பேராசிரியருக்கு முன்னால் திறந்த வாய் அன்று திறக்கவில்லை. கிறிஸ்ரினா சிரித்த முகத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டாள். நாகேஸ்வரி அந்த மச்சம் விழுந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏறத்தாழத் தன் வயதுதான் இருக்கும். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசில் தானே மறுமொழி சொன்னாள்.

"நத்திங். நத்திங் லொஸ்ற். ஃபிஷ் வெரி குட்."

கிறிஸ்ரினா சந்தோசத்தில் இன்னொரு வாளித் தீனி எடுக்க உள்ளே ஓடினாள். நாகேஸ்வரி தொட்டியைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்தப் பிள்ளை அறிஞ்சா இனி இந்த மீனை மனசாரப் பார்க்காது. அதுதான் சொல்லல்ல. ஆனா உங்கள நான் இன்னும் மன்னிக்கல்ல. அது நமக்குள்ள இருக்கட்டும்."

பாக்கியராசா "ஓம்" என்றான். அவள் எந்த நாளில் அவனை மன்னித்தாள் என்று அவனுக்குத் தெரியாது. அவள் சொன்னதில்லை; கேட்கிற துணிவு அவனுக்கு வந்ததுமில்லை.