பதினொரு வீடும் ஓர் எரிமலையும்

வரைபடத்தை விரித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் என் கணவன் கீஸ்லி பதினொரு இடத்தில் பேனாவால் சுழித்துவிட்டான். அதில் ஒன்றுகூட அருவி இல்லை, பனிப்பாறை இல்லை. எல்லாமே அவனுடைய சொந்தக்காரர் வீடுகள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அஸ்க்யா. தீவின் நடுவே மேட்டுநிலத்தில், எரிமலை வாய்க்குள் பால் கலந்த நீலமாகத் தண்ணீர் நிற்குமே, அது. இந்தத் தீவிலேயே பிறந்து நாற்பத்தாறு வயதாகியும் நான் அதைப் பார்த்ததில்லை. அந்த மண்பாதை கோடையில் கொஞ்ச நாள்தான் திறந்திருக்கும். ஆகஸ்டில் டென்மார்க்குக்குக் குடிபோகிறோம். இந்த ஐந்து நாள் விடுமுறையை விட்டால் அவ்வளவுதான்.

"அஞ்சு நாள், பதினோரு வீடு. ஒவ்வொரு வீட்லயும் ரெண்டு மணி நேரம். கொஞ்சமாவது யோசிச்சியா?"

"எல்லாம் தானா சரியாயிடும், விடு."

இந்த நாட்டில் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று கோடை இப்படித்தான் கிளம்பினோம். மூன்று முறையும் வயிறு முட்டக் கேக் தின்றுவிட்டு, நேரமில்லை என்று பாதி வழியில் திரும்பினோம்.

"மத்த வீட்டை வேணா விடலாம், ஸ்வாவா. குன்வோர் அத்தை வீட்டை விட முடியாது. சன்னல்ல பைனாகுலரோட உக்காந்திருப்பாங்க. நிக்காமப் போனா கிறிஸ்துமஸ் வரைக்கும் பேச்சு கேக்கணும்."

"கேளேன். காது என்ன தேஞ்சா போயிடும்?"

சொன்ன கையோடு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். கீஸ்லியின் முகம் வெளிறியது. மிவாட்ன் ஏரிக்கரையில், அஸ்க்யா பக்கம் போகிற வழியில் தனியாக இருக்கிறாள் அத்தை. எழுபத்திநாலு வயது.

"அத்தை, இந்தத் தடவை உங்க வீட்டுக்கு வரல. நேரா அஸ்க்யாதான்."

"அப்பாடா!" என்றாள் அத்தை. "உன் புருஷன் வர்றான்னா ஆறு வகை கேக்குடி. மூணு நாள் அடுப்படியே கதின்னு கிடக்கணும். வராதேன்னு வாயைத் திறந்து சொல்லவா முடியும்?"

"நான் மட்டும் ஆசைப்பட்டா தின்னேன்?" கீஸ்லிக்குக் குரல் உடைந்தது. "உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான் அத்தை..."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இவள் வேண்டாமலே சுட, அவன் வேண்டாமலே தின்ன, நடுவில் போனது என் மூன்று கோடை.

திட்டுவதற்கு வாயெடுத்தேன். அத்தை முந்திக்கொண்டாள்.

"போய்ட்டு வாங்க. அம்பது வருஷமா அஸ்க்யா போறவங்களுக்கெல்லாம் காபி ஊத்தியிருக்கேன். திரும்பி வர்றப்போ படம் காட்டுவாங்க. நல்லாத்தான் இருக்கும் போல."

"நீங்க போனதில்லையா?"

"என்னை யாரு கூப்பிட்டா?"

அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். கீஸ்லி மெதுவாக ஆரம்பித்தான்: "பாதை ரொம்ப மோசம் அத்தை, பாலமில்லாம வண்டியை ஆத்துல இறக்கணும், உங்க வயசுக்கு..."

"நீ சும்மா இரு," என்றேன். "அத்தை, வியாழக்கிழமை காலைல எட்டு மணிக்கு வாசல்ல நில்லுங்க. உள்ள காபி வாசனை வந்துச்சோ, உங்களை விட்டுட்டுப் போயிடுவேன்."